சீலைக்குப் பின்னால சொன்ன சாட்சி

எங்கட காக்கா எங்கட உம்மாட வயித்தில பொறக்கல்ல. இது ஊருக்கே தெரியும், எனக்குத்தான் ஒம்பது வயசு வரைக்கும் தெரியா. அண்ணனைக் காக்கா, அக்காவை ராத்தா எண்டுதான் எங்கட பக்கத்தில கூப்பிடுற. அவருக்கும் எங்கட ராத்தாக்கும் ஒரே வயசு. ரெட்டைப் புள்ளயள் எண்டு நானே நினைச்சிக்கிட்டன். ராத்தா கறுப்பு, குட்டை. காக்கா நல்ல வெள்ளை, நெடுவல், கிளி மூக்கு. அந்த மூக்கு எங்கட குடும்பத்தில வேற ஆருக்கும் இல்ல. ஏன் எண்டு கேட்க எனக்கு ஒருநாளும் தோணல்ல. சின்னப்புள்ளயளுக்கு வீட்டுல இரிக்கிறதெல்லாம் இரிக்க வேண்டியதுதான்.

அவர் மவுத்தாகி இப்ப மூணு மாசம். கொழும்பில காய்ச்சல், நாலே நாள். தந்தி கிடைச்சி வாப்பா போய்ச் சேர முதல் அங்கயே அடக்கிட்டாங்க. நாங்க மையத்தும் பாக்கல்ல, கபுறும் பாக்கல்ல. அதாலயோ என்னவோ எனக்கு இன்னும் அவர் பஸ்ஸில வந்து இறங்குவார் எண்டுதான் இரிக்கி. நிந்தவூர் றோட்டில பஸ் நிண்டா என்ட காது அங்க போயிடும். நான் அஞ்சாம் வகுப்போட நிண்டவள். இதில எழுத்துப் பிழை இரிக்கும். திருத்துற ஆள்தான் இல்லாமப் போயிட்டார்.

நான் சொல்ல வந்தது அவர் மவுத்தான கதை இல்ல. எனக்கு ஒம்பது வயசில நடந்த ஒண்டு. இவ்வளவு நாளும் ஆருக்கும் சொல்லல்ல.

அப்ப காக்காக்குப் பத்தொம்பது வயசு. கல்முனையில கோட்டு வழக்குப் பாக்கிற ஒரு பிறக்கிராசி ஐயாட்ட எழுத்து வேலை. அந்த ஐயா பாண்டிருப்பு ஆள். கோட்டில குடுக்கிற கடதாசியெல்லாம் காக்காதான் படி எடுத்துக் குடுக்கிற. முத்து முத்தா எழுதுவார். பின்னேரம் அவர் வீட்டுக்கு வர முதலே ஊர்ச்சனம் எங்கட விறாந்தையில வந்து குந்திக்கிட்டிரிக்கும். வாய்க்கால்ல தண்ணி விடல்ல, ஆர்ர மாடோ வேளாண்மைய மேஞ்சிட்டு, பென்சன் சுணங்குது எண்டு ஆளுக்கொரு பெட்டிசன். "அப்புக்காத்து வாறார், எல்லாரும் எழும்பி நில்லுங்க" எண்டு வாப்பா பகிடி பண்ணுவார். சனம் சிரிக்கும். காக்காவும் சிரிப்பார். ஆனா அவருக்கு அது பகிடி இல்ல. கொழும்புக்குப் போய்ச் சட்டம் படிச்சி, நெசமாவே அப்புக்காத்தா வரணும் எண்டுதான் அவர்ர மனசில. அதுக்கு முதல்ல இந்த நாட்டு ஆள் எண்டு அரசாங்கத்திட்ட ஒரு கடதாசி எடுக்கணும் எண்டு பிறக்கிராசி ஐயா சொல்லியிரிந்தார். பிரஜாவுரிமைக் கடதாசி. மனுப் போட்டு ஒரு வருசத்துக்கு மேல. விசாரிக்க ஆள் வரும் எண்டு மட்டும் பதில் வந்திரிந்திச்சி.

இதொண்டும் எனக்குத் தெரியா. எனக்குத் தெரிய வந்தது ஓதப்பள்ளியில. அங்க நெல்லுக்கடைக்காரர்ர மகளும் நானும் பக்கத்துப் பக்கத்தில இரிந்து குறுஆன் ஓதுற. ஒருநாள் பாயில ஆரு எந்தப் பக்கம் இரிக்கிற எண்டு ரெண்டு பேருக்கும் சண்டை. அவள் என்னைத் தள்ளிட்டுச் சொன்னாள்: "போடி, உங்கட காக்கா கள்ளத்தோணிதானே. பொலிசு வந்து புடிச்சித் திருப்பித் தோணியில ஏத்துமாம். எங்கட வாப்பா சொன்ன."

நான் அவட கன்னத்தில நகத்தால ஒரு இழுவை இழுத்தன். ரத்தம் வந்திட்டு.

எனக்கு முன்னமே சேதி வீட்டுக்குப் போயிட்டு. உம்மா ஈர்க்கிலோட நிண்டா. காலில மூணு அடி. நாலாவதுக்குக் கையைத் தூக்கிக்கிட்டு, "அந்தப் புள்ளட மூஞ்சியை ஏன்டி பிறாண்டின?" எண்டு கேட்டா. நான் சொன்னன். தூக்கின கை அப்படியே நிண்டிச்சி. பொறகு ஈர்க்கிலைக் கூரையில சொருகிட்டு, என்னைக் குசினிக்குக் கூட்டிப் போனா. கீரிமீன் அரிஞ்சிக்கிட்டே சொன்னா.

காக்காட வாப்பா கடலுக்கு அந்தப் பக்கம், காயல்பட்டணத்து ஆள். கல்முனையில புடவைக் கடை வெச்சிரிந்தவர். எங்கட வீட்டுக்குப் பக்கத்து வளவில குடியிரிந்தவர். ஊருக்குப் போய்ப் பொஞ்சாதியையும் எட்டு மாசத்துப் புள்ளயையும் தோணியில கூட்டிக்கிட்டு வந்தார். வந்த மாசமே பொஞ்சாதி மவுத்து. புள்ள பாலுக்குக் கத்தின கத்து ஊரெல்லாம் கேட்டிச்சாம். எங்கட உம்மாக்கு அப்ப ராத்தா கைக்குழந்தை. வேலிக்கு மேலால அந்தப் புள்ளய வாங்கினா. ராத்தாக்கு ஒரு பக்கம், அவருக்கு ஒரு பக்கம். அதுக்குப் பொறகு அந்தப் புள்ள வேலிக்கு அங்கால திரும்பிப் போகவே இல்ல. அவர்ர வாப்பாவும் காக்காக்குப் பத்து வயசில மவுத்தாகி, எங்கட பள்ளி வளவில அடக்கியிரிக்கி.

"அப்ப அவர் எங்கட காக்கா இல்லயா?" எண்டு நான் கேட்டன்.

"ஏன் இல்ல? என்ட பாலைக் குடிச்சவர். மார்க்கத்தில பாலும் ரத்தமும் ஒண்டுதான். ராத்தாவை அவர் கல்யாணம் முடிக்க ஏலா, உன்னையும் முடிக்க ஏலா. நாளைக்கு நீ பெரிசாகி உள்ளுக்க இரிந்தாலும், மச்சான்மாருக்கு முன்னால வர ஏலா, அவருக்கு முன்னால வரலாம். சொந்தக் காக்காதான்."

அண்டைக்கு எனக்கு விளங்கினது இவ்வளவுதான். அல்லாட சட்டத்தில காக்கா எங்கட ஆள். அரசாங்கச் சட்டத்தில ஏதோ ஒரு கரைச்சல். அந்தக் கரைச்சல் அவர் அங்க பொறந்ததால வந்தது. இஞ்ச பொறந்திரிந்தா ஒருத்தரும் ஒண்டும் கேட்டிரிக்க மாட்டாங்க. ராவெல்லாம் அதையே நினைச்சிக்கிட்டுப் படுத்தன். பொலிசுக்காரன் எந்த வேலிக் கடப்பால வருவான், காக்காவை நான் எந்தப் பத்தாயத்துக்க ஒளிக்கிற எண்டெல்லாம் கணக்குப் போட்டன். எங்கட நெல்லுப் பத்தாயத்துக்க அவர்ர கால் மடியாது. அது ஒரு பெரிய கவலை.

விசாரிக்கிற ஆள் வந்தது வேளாண்மை வெட்டுக் காலத்தில. அடுத்த கிழமை வாறதெண்டுதான் சொல்லியிரிந்தாங்க. அவர் முந்திட்டார். வாப்பா வயல் வட்டையில, நெல்லுச் சூடு மிதிக்கிற களத்தில. காக்கா பிறக்கிராசி ஐயாவோட மட்டக்களப்புக் கோட்டுக்குப் போயிட்டார். வீட்டுல உம்மா, ராத்தா, ராத்தாட பால்குடி மகள், நான். ஊருக்குப் பொறுப்பான அரசாங்க ஆள், விதானையார், கடப்பில நிண்டு இருமினார். ஆம்புள வந்தா இருமித்தான் வாற. உம்மாவும் ராத்தாவும் உள்ளறைக்குப் போய்க் கதவுச் சீலையை இழுத்து விட்டாங்க. நான் விறாந்தைக்கு ஓடினன்.

வந்தவர் யாழ்ப்பாணத்து ஐயா. வெள்ளைக் கால்சட்டை, முதுகெல்லாம் வேர்வை. கையில ஒரு தோல் பை. விதானையார் அவரைக் கதிரையில இருத்திட்டு, "பள்ளி நிருவாகம் பாக்கிற மரைக்காரும் ஒரு சாட்சி, நான் போய்க் கூட்டிட்டு வாறன். நீங்க இவங்கட தாயைக் கேட்டுக்கிட்டிருங்க" எண்டு போயிட்டார். அவர் நிண்டிருந்தா நான் ஒண்டும் செய்திருக்க ஏலா. விதானையாருக்குத் தெரியாத பொறப்பும் இல்ல, மவுத்தும் இல்ல.

எங்கட வீட்டுல பொண்டுகள் வெளி ஆம்புளயோட கதைக்க மாட்டாங்க. சத்தமும் கேட்கப்படா. கேள்வி வந்தா ஒரு சின்னப்புள்ள அதை உள்ளுக்குக் கொண்டு போய்ப் பதிலை வெளிய கொண்டு வரணும். மரக்கறிக்காரன், புடவைக்காரன், அரசாங்கக் கச்சேரி ஆள், எல்லாருக்கும் இதுதான் முறை. அந்த வருசம் எங்கட வீட்டுல அந்த வேலை எனக்கு. எனக்கு அதில நல்ல பெருமை. விறாந்தையில இருந்து உள்ளறைச் சீலை வரைக்கும் என்ட காலுக்குப் பன்னிரண்டு அடி.

"பிள்ளை, அம்மாவிட்டக் கேளுங்கோ, இந்தப் பொடியன் எவ்வளவு காலமா இந்த வீட்டில இருக்கிறார் எண்டு."

நான் போய்க் கேட்டன். உம்மா சீலைக்குள்ள குனிஞ்சி என்ட காதில ஊதினா. எட்டு மாசத்தில இருந்து, ஒருநாளும் விடாம, சின்னமுத்து வந்த நேரமும் நான்தான் வேப்பிலை விசிறின, சுன்னத்து வெச்சதும் இந்த வீட்டுலதான் எண்டு நீளமாச் சொன்னா. நான் வெளிய வந்து, "பால்குடியில இருந்து" எண்டன்.

"இவ்வளவு நேரம் கதைச்சது அதுதானா?" எண்டு ஐயா சிரிச்சார். நல்ல மனுசன். பை நிறையக் கடதாசி. எங்கட வீட்டுக்குப் பொறகு மருதமுனைக்கும் போகணுமாம். அடிக்கடி மணிக்கூட்டைப் பாத்தார். உம்மா குடுத்துவிட்ட இளநியை ஒரே மூச்சில குடிச்சிட்டுக் கோம்பையை எங்க வைக்கிற எண்டு தெரியாமக் கையிலயே வெச்சிக்கிட்டிரிந்தார். நான்தான் வாங்கிக் கீழ வெச்சன்.

ரெண்டாவது, காக்கா எப்பவாவது இந்தியாக்குத் திரும்பிப் போனதா எண்டு கேட்டார். ஒருநாளும் இல்ல எண்டு உம்மா சொன்னா. அப்படியே கொண்டு வந்தன்.

மூணாவது, "இவர் எங்க பிறந்தவர்?"

உம்மா தாமதிக்கவே இல்ல. "காயல்பட்டணத்தில எண்டு சொல்லு. எட்டு மாசத்தில தோணியில வந்தவர் எண்டு சொல்லு. ஒளிக்க ஒண்டுமில்ல."

அந்த நேரம் பார்த்து ராத்தாட மகள் வீரிட்டுக் கத்தினாள். ராத்தா அவளைத் தூக்கித் தட்டினா. நான் திரும்பி நடந்தன். பன்னிரண்டு அடி. மூணாவது அடியில நெல்லுக்கடைக்காரர்ர மகள் வந்தாள். ஆறாவதில தோணி வந்திச்சி. அது எந்தத் தோணியெண்டு எனக்குத் தெரியா, கறுப்பாப் பெரிசா ஒண்டு, அதில காக்கா கால மடிக்க ஏலாமக் குந்திக்கிட்டிரிந்தார். கதிரைக்குக் கிட்டப் போய் நிண்டன்.

"இந்த வீட்டுலதான் பொறந்தவர்" எண்டன்.

ஐயா பேனையைத் தூக்கிட்டு என்னைப் பார்த்தார். "இஞ்சயோ? வடிவாக் கேட்டனீங்களோ பிள்ளை?"

"ஓம். எங்கட உம்மாக்குத்தான் பொறந்தவர். ராத்தாவும் அவரும் ரெட்டைப் புள்ள."

அதை ஆரும் கேட்கல்ல. நானாச் சேர்த்தன். உள்ளுக்க கொழந்தை கத்திக்கிட்டேயிரிந்திச்சி.

அவர் கடதாசியில கொஞ்ச நேரம் இங்கிலீசில எழுதினார். எழுதி முடிச்சி, ஒரு சின்னத் தகரப் பெட்டியைத் திறந்து, நீல மையையும் கடதாசியையும் என்ட கையில தந்தார். அம்மாட பெருவிரலை இதில ஒத்தி இஞ்ச வைக்கச் சொல்லுங்கோ எண்டார். நான் ரெண்டையும் ஏந்திக்கிட்டுப் போனன். உம்மா சீலைக்குக் கீழால கையை நீட்டினா. மையைத் தொட்டா. வைக்க முதல், "என்ன எழுதியிரிக்கி மகள்?" எண்டு கேட்டா.

"நீங்க சொன்னதுதான்" எண்டன்.

உம்மா பிஸ்மி சொல்லி விரலை வெச்சா.

பொறகு மரைக்கார் வந்தார், அவரும் ஏதோ சொன்னார், நான் அதைக் கேட்கல்ல. எனக்கு அவ்வளவு சந்தோசம். கொல்லையில போய் நிண்டு தனியச் சிரிச்சன். பின்னேரம் காக்கா வந்தவுடன உம்மா ஒவ்வொண்டாச் சொன்னா. அவர் மர வாங்கில இரிந்து, "எல்லாம் உள்ளதைத்தானே சொன்னீங்க? அது போதும் உம்மா, இத்தனை வருசம் இஞ்ச இரிந்திரிக்கன் எண்டு காட்டினாச் சரி" எண்டார். நான் அவர்ர தோளில தொங்கி, "நான்தான் எல்லாத்தையும் கொண்டு போய்ச் சொன்ன. எனக்கு என்ன தருவீங்க?" எண்டு கேட்டன். அடுத்த நாள் கல்முனையில இருந்து ஒரு முழம் சிவப்பு ரிப்பன் வாங்கி வந்து தந்தார். நான் அதை நாலு மாசம் தலையில கட்டினன்.

நாலு மாசம் எண்டு ஏன் ஞாபகம் எண்டா, அஞ்சாம் மாசம்தான் கடிதம் வந்த. காக்கா கிணத்தடியில நிண்டு உடைச்சி வாசிச்சார். ஒரு தரம். பொறகு இன்னொரு தரம். மனு சரிவரல்ல. உம்மாக்குச் சொன்ன உடன அவ தலையில கையை வெச்சிக்கிட்டுக் குந்திட்டா. "நான் எல்லாம் சரியாத்தானே சொன்னன் மகன். எந்த இடத்தில பிழை விட்டன்?"

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க உம்மா. எழுத்தில ஒரு பிழை வந்திட்டு. திருத்தலாம்."

அப்படிச் சொல்லிக்கிட்டே என்னைப் பார்த்தார். கோவமாப் பார்க்கல்ல. தலையில கட்டியிரிந்த ரிப்பனைக் கொஞ்சம் இழுத்து நேராக்கி விட்டார். அவ்வளவுதான்.

எனக்கு அப்ப வந்த யோசனையை இப்ப எழுதவே வெக்கமாயிரிக்கி. இவ்வளவு கெட்டித்தனமாப் பொய் சொல்லியும் சரிவரல்லயே, உம்மா சொன்ன உண்மையைச் சொல்லியிரிந்தா அண்டைக்கே புடிச்சிக் கொண்டு போயிருப்பாங்களே எண்டுதான் நினைச்சன். காக்கா இன்னும் வீட்டுல இரிக்கிறதுக்கு நான்தான் காரணம் எண்டு உள்ளுக்க ஒரு பெருமை. எத்தனையோ வருசம் அந்தப் பெருமையோடதான் நான் வளர்ந்தன்.

அந்தக் கடிதத்துக்குப் பொறகு காக்காட்ட ஒரு பழக்கம் வந்திச்சி. பெட்டிசன் எழுதினா, கைநாட்டு வைக்க முதல் அதைத் தமிழில திருப்பி வாசிச்சிக் காட்டுவார். ஒரு தரம் இல்ல, மூணு தரம். "இதுதானே நீங்க சொன்ன? இதில ஒரு சொல்லும் என்ட சொல் இல்லயே?" சனத்துக்கு அலுப்பு. "தம்பி, மாட்டைப் பத்தின பெட்டிசன்தானே, குறுஆன் இல்லயே" எண்டு ஒரு கிழவர் சொன்னார். காக்கா நாலாவது தரமும் வாசிச்சார்.

மனுவை மறுத்ததுக்கு மேல கொழும்புக்கு அப்பீல் போட்டார். பிறக்கிராசி ஐயா கையெழுத்து வெச்சாலும், எழுதினது முழுக்கக் காக்காதானாம். அது ரெண்டு வருசம் இழுத்திச்சி. அந்த ரெண்டு வருசமும் சட்டம் படிக்கப் போக வழியில்ல. அவரோட இங்கிலீசுப் பள்ளியில படிச்ச பொடியன்மார் கொழும்புக்குப் போய், லீவுக்குக் காலில சப்பாத்தோட வந்து நிப்பாங்க. இவர் கல்முனைக்கு அதே சைக்கிள்ல போய் வருவார். ஒருநாளாவது முகத்தில காட்டல்ல. முன்னையெல்லாம் காலையில நேரமிருந்தா உம்மா குசினியில பாடுற பாட்டைக் கேட்டு இரிந்திட்டுப் போவார். அதுமட்டும் குறைஞ்சிச்சி.

அப்பீல் வெண்டிச்சி. திருப்பி விசாரிக்கணும் எண்டு உத்தரவு. இந்த முறை வேற ஒரு ஐயா. காக்காவும் வீட்டுல, வாப்பாவும் வீட்டுல. எனக்குப் பன்னிரண்டு முடியல்ல, இன்னும் வெளிய வரலாம். தலை சீவி நல்ல சட்டை போட்டு ரெடியா நிண்டன். ஐயா வாற பஸ் நிக்கிற நேரம் காக்கா என்னைக் கூப்பிட்டுக் கையில காசு தந்து, "ஓடிப் போய் நீ விரும்பின நிறத்தில ரிப்பன் வாங்கிக்கிட்டு வா. கெதியா வரத் தேவையில்ல" எண்டார்.

"அப்ப உம்மா சொல்றதை ஆரு கொண்டு வாற?"

"இண்டைக்கு உம்மாவே சொல்லுவா."

எனக்கு வந்த கோவம். போன தரம் எல்லாம் செய்தது நான், இந்த முறை என்னைத் துரத்துறார். கடையில மஞ்சள் ரிப்பன் வாங்கினன், வேணுமெண்டே சுணங்கி வந்தன். வந்து பார்த்தா ஐயா போயிட்டார். உம்மா சீலைக்குப் பக்கத்தில கதிரை போட்டு, அதில நிமிர்ந்து இரிந்தா. முகமெல்லாம் சிவந்து. ராத்தாதான் சொன்னா: உம்மா உள்ளுக்க இரிந்து, வெளிய கேட்கிற மாதிரி, தன்ட வாயாலயே சொன்னாவாம். முதல்ல சத்தம் நடுங்கிச்சாம். பொறகு எட்டு மாசம், தோணி, பால் எல்லாத்தையும் சொல்லி, கடைசியில, "என்ட புள்ளட மனுவை மறுக்கக் காரணமான கடதாசியில என்ட விரல் இரிக்காம். நான் அப்படிச் சொல்லல்ல ஐயா" எண்டாவாம். வாப்பா திகைச்சிட்டாராம். கல்யாணம் முடிச்சி இருபத்திமூணு வருசத்தில வெளி ஆம்புளக்கு உம்மாட சத்தம் கேட்டது அண்டைக்குத்தான்.

நான் அப்பவும் யோசிக்கல்ல. மஞ்சள் ரிப்பனைக் கட்டி கண்ணாடியில பார்த்தன்.

காக்காக்குக் கடதாசி கிடைச்சிச்சி. கொழும்புக்குப் போனார், படிச்சார், அப்புக்காத்தானார். காணி வழக்கு, களவு வழக்கெல்லாம் அவர் எடுக்க மாட்டார். அரசாங்கம் ஒருத்தனை இந்த நாட்டு ஆள் இல்ல எண்டு எழுதிட்டா, அவனுக்காக அரசாங்கத்தோட வழக்குப் பேசுவார். மலைநாட்டுத் தோட்டத்துச் சனம், கடை வெச்சிரிந்த காயல் ஆக்கள், ஆரெண்டில்ல. வாப்பா, "இதில என்ன வரும்படி?" எண்டு கேட்பார். காக்கா லீவுக்கு வந்தா எனக்கு எழுத்துச் சொல்லித் தருவார். நான் அப்ப பெரிசாகி உள்ளுக்க. வாப்பாவை விட்டா, ஆம்புளயில என்னோட கதைக்கக்கூடியவர் அவர் ஒருத்தர்தான். ஒருநாள் நான் கேட்டன், உங்கட சட்டம் என்ன சொல்லுது எண்டு. அவர் யோசிச்சிட்டு, "ஒருத்தனைப் பத்தி எழுதுற ஆள் முதல்ல அவன்ட சொல்லைத் தன்ட காதால கேட்கணும். மிச்சமெல்லாம் அதுக்குப் பொறகுதான்" எண்டார். சின்ன விசயமாயிரிக்கே எண்டன். ஓம், சின்ன விசயம்தான் எண்டு சிரிச்சார்.

அவர்ர பெட்டி போன மாசம் வந்தது. உடுப்பு உம்மாட்ட. கடதாசியெல்லாம் என்னட்ட வந்திச்சி, எல்லாம் இங்கிலீசு. ராத்தாவைக் கல்யாணம் முடிச்ச மச்சான் பள்ளிக்கூட வாத்தியார். விறாந்தையில இரிந்து அவர் வாசிச்சி வாசிச்சித் தமிழில சொல்ல, நான் உள்ளுக்க இரிந்து கேட்டன். அதுக்குள்ள அந்தப் பழைய மறுப்புக் கடிதம். மச்சான் சொன்னார்: "இஞ்ச பாருங்களன். வந்து எத்தனை வருசம் எண்டதில ஒரு குறையும் சொல்லல்ல. அது தாராளமாப் போதுமாம். ஆனா மனுவில காயல்பட்டணத்தில பொறந்தவர் எண்டிருக்கு, மரைக்காரும் அதைத்தான் சொல்லியிரிக்கார், தாய் மட்டும் இந்த வீட்டுல பொறந்த ரெட்டைப் புள்ள எண்டு கைநாட்டு வெச்சிரிக்கா. அதால இந்தக் குடும்பத்து சாட்சி ஒண்டையும் நம்ப ஏலாதாம்."

நான் சீலையைப் புடிச்சிக்கிட்டிரிந்தன்.

அதோட சேர்த்துக் காக்காட கையால எழுதின அப்பீல் படி. முதல் வரியில எதையோ எழுதி வெட்டியிரிக்கார் எண்டார் மச்சான். வெட்டினதுக்குக் கீழால வாசிக்க ஏலுமாம். வீட்டுச் சின்னப்புள்ள தாயின் சொல்லை மாத்திச் சொன்னது எண்டு எழுதியிரிந்தாராம். அதை வெட்டிட்டு, அதிகாரி சாட்சியைத் தன்ட காதால கேட்கவுமில்ல, எழுதினதை வாசிச்சிக் காட்டவுமில்ல, ஆகையால அது சாட்சியே இல்ல எண்டு புதுசா எழுதியிரிக்கார். "முதல் எழுதினதுதான் லேசான வழி" எண்டு மச்சான் சொன்னார். "புள்ளயைக் கூப்பிட்டு ரெண்டு கேள்வி கேட்டிரிந்தா ரெண்டு மாசத்தில முடிஞ்சிரிக்கும். இந்த வழியால போனதுதான் ரெண்டு வருசம். ஏன் வெட்டினாரோ தெரியல்ல."

மச்சான் கடதாசியை மடிச்சிச் சீலைக்குக் கீழால தந்தார், வாங்கினன். அண்டைக்கு ரா காக்கா வந்தாச் சொல்லணும் எண்டு நினைச்சிக்கிட்டே படுத்தன். விடியத்தான் ஞாபகம் வந்திச்சி அவர் வரமாட்டார் எண்டு.

முந்தாநாள் விதானையார் வந்தார். அதே விதானையார், இப்ப தாடி வெள்ளை. கொழும்பில மவுத்தைப் பதிஞ்ச கடதாசியில சில இடம் வெறுமையாம், நிரப்பி அனுப்பச் சொல்லிக் கச்சேரியில இருந்து வந்ததாம். வாப்பா வட்டையில. நானும் உம்மாவும் உள்ளுக்க. விறாந்தைக்கு ஓடினது ராத்தாட மகள். அண்டைக்குத் தொண்டை கிழியக் கத்தின அதே புள்ள. இப்ப ஏழு வயசு. அந்த வேலை இப்ப அவட வேலை.

எத்தனை வயசு, கல்யாணம் முடிச்சவரா எண்டெல்லாம் கேட்டுக் கொண்டு வந்தாள், போனாள். பொறகு வந்து, "மாமா எங்க பொறந்த எண்டு கேட்கிறார்" எண்டாள்.

விதானையாருக்குத் தெரியாததில்ல. எழுதுறதுக்கு வீட்டு ஆள் சொல்லணும், அதுக்காகக் கேட்கிறார்.

உம்மா தொழுத பாயிலயே இரிந்தா. மூணு மாசமா அவ அந்தப் பாயை மடிக்கல்ல. புள்ளயைப் பார்க்காமலே சொன்னா: "இந்த வீட்டுலதான் எண்டு சொல்லு மகள்."

புள்ள திரும்பிட்டாள். அவட காலுக்கு எத்தனை அடியோ. ரெண்டு அடி வெச்சிரிப்பாள். நான் எழும்பிச் சீலைக்குக் கிட்டப் போய்ச் சத்தமாச் சொன்னன்: "விதானையார், காயல்பட்டணத்தில பொறந்தவர். எட்டு மாசத்துப் புள்ளயா வந்து எங்கட உம்மாட பால் குடிச்சவர். அப்படியே எழுதுங்க. எழுதினதை ஒருக்கா வாசிச்சிக் காட்டுங்க."

பொறகு விதானையார் தொண்டையைச் செருமிட்டு, எழுதினதை மெல்ல மெல்ல வாசிச்சார். உம்மா தலையை நிமித்தி என்னைப் பார்த்தா. அவவுக்கு என்ன விளங்கிச்சோ எனக்குத் தெரியா. நான் அவட கையை எடுத்து மடியில வெச்சிக்கிட்டன். அந்தப் பெருவிரலைப் புடிச்சிக்கிட்டன்.

விதானையார் போன பொறகு புள்ள மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு வந்து நிண்டாள். கண்ணில தண்ணி.

"நான்தானே போய்ச் சொல்ற ஆள். நீங்க ஏன் சாச்சி கத்தின? நான் சரியாத்தான் சொல்லப் போன."

"ஓம், நீ சரியாத்தான் சொல்லியிரிப்பாய்."

"பொறகு ஏன்?"

அவளுக்குக் கோவம் ஆறல்ல. கிட்டக் கூப்பிட்டு முகத்தைத் துடைச்சி விட்டன். வாப்பா வந்தா கடைக்கு அனுப்பி ரிப்பன் வாங்கித் தாறன், என்ன நிறம் வேணும் எண்டு கேட்டன்.

கொஞ்ச நேரம் முறைச்சிக்கிட்டு நிண்டிட்டு, சிவப்பு எண்டாள்.